யார் மடித்த பாராசூட்?

எங்கள் வீட்டுக் கூடத்தில், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் காலண்டருக்குப் பின்னால் ஒரு வாரமாக ஒரு படிவம் செருகியிருந்தது. அக்கா மகள் படிக்கும் கல்லூரியில் மூன்று நாள் சாகச முகாம். பாறையிலிருந்து கயிற்றில் இறங்குவது, ஜீப் இழுத்துக்கொண்டு ஓட வானத்தில் ஏறும் பாராசெயிலிங், இன்னும் என்னென்னவோ. படிவத்தின் கடைசி வரி இது: "எந்த அசம்பாவிதத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல." அதன் கீழே பெற்றோர் அல்லது பாதுகாவலர் கையெழுத்து. மாமா இல்லாத வீடு. அக்கா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். பெண் என்னிடம் வந்து நின்றாள். "சித்தி, நீயாவது போடேன்."

அக்கா மறுத்ததற்குக் காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. ஏனாத்தூரில் எங்கள் தெருவில் அந்த நேரத்தில் எல்லா வீட்டிலும் தொலைக்காட்சி ஓடும். ஒரு பயண நிகழ்ச்சியில் தொகுப்பாளினி ஒருத்தி வெளிநாட்டில் விமானத்திலிருந்து குதிக்கிறாள். அவள் முதுகோடு சேர்த்துக் கட்டிய பயிற்சியாளர் ஒருவர். விமானத்தின் கதவு திறக்கிறது. அவள் "வேணாம், வேணாம், ப்ளீஸ்" என்கிறாள். பின்னணியில் நகைச்சுவைப் படத்துப் பாட்டு. அவர் சிரித்தபடி அவளோடு வெளியே சாய்கிறார். பிறகு ஒரு நிமிடம் முழுக்க அவள் முகம்தான்: காற்றில் பிதுங்கும் கன்னம், திறந்த வாய், அலறல். அந்த அலறலை மூன்று முறை திருப்பிப் போட்டார்கள். விளம்பர இடைவேளை. திரும்பி வந்தபோது அவள் தரையில் நின்று கையை உயர்த்திக்கொண்டிருந்தாள்.

"இதெல்லாம் நமக்கு எதுக்குடி?" என்றாள் அக்கா. நிகழ்ச்சியை எழுதியவர்கள் அவளுக்கென்று விட்டுவைத்த இடம் அதுதான். அவளும் அந்த இடத்தில் சரியாக வந்து உட்கார்ந்தாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. அந்த நிகழ்ச்சியைப் பார்த்தபோது என் வயிறும்தான் கலங்கியது. அதன் பிறகு அந்தப் படிவத்துக்காகவே சிலவற்றைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. தொலைக்காட்சி நமக்குப் பெண்ணின் பயத்தைக் காட்டுகிறது. ஆபத்தை அது காட்டுவதே இல்லை.

அந்த நிகழ்ச்சியில் வெட்டப்பட்டது என்ன என்று முதலில் சொல்கிறேன். முதல்முறை குதிப்பவர்களை இப்படிப் பயிற்சியாளரோடு கட்டித்தான் குதிக்க வைப்பார்கள். இரண்டு தோள், இரண்டு இடுப்பு என நான்கு இடங்களில் கொக்கி. பாராசூட் பை பயிற்சியாளர் முதுகில் இருக்கிறது. அதற்குள் பிரதானப் பாராசூட் ஒன்று, அது கைவிட்டால் திறக்க மாற்றுப் பாராசூட் ஒன்று. ஆளே மயங்கிப்போனாலும், குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே வேகம் குறையாமல் விழுந்துகொண்டிருந்தால் மாற்றுப் பாராசூட்டைத் தானே திறந்துவிடும் ஒரு சிறு கருவியும் உண்டு. மாற்றுப் பாராசூட்டை யார் வேண்டுமானாலும் மடித்துவிட முடியாது. அதற்கெனத் தனிப் பயிற்சியும் சான்றிதழும் பெற்றவர்தான் மடிக்க வேண்டும். அமெரிக்காவில் 180 நாளுக்கு ஒருமுறை அதைப் பிரித்துச் சோதித்து மறுபடி மடித்தாக வேண்டும். மடித்தவர் கையெழுத்தும் தேதியும் ஒரு சீட்டில் பதிவாகும்.

சுமார் 13,000 அடியிலிருந்து குதித்தால் மணிக்கு 190, 200 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவாக விழுவார்கள். அந்தக் காற்றில் பேச்சு கேட்காது. 1991-இல் காத்ரின் பிகலோ இயக்கிய 'பாயிண்ட் பிரேக்' படத்தில் நாயகனும் வில்லனும் விழுந்துகொண்டே வாக்குவாதம் செய்வார்கள். அது திரையில் மட்டும் நடக்கும். நாம் கேட்கும் அலறல்களில் எத்தனை வானத்தில் பதிவானவை, எத்தனை எடிட்டிங் அறையில் ஏறியவை என்பதையும் யோசிக்க வேண்டும். பாராசூட் விரிந்ததும் ஆள் விருட்டென்று மேலே போவதுபோலத் தெரிவதும் கேமரா செய்யும் வேலைதான். விழும் வேகம் அவருக்குக் குறைகிறது. எதிரே படம்பிடிப்பவர் அதே வேகத்தில் விழுந்துகொண்டே இருக்கிறார். யாரும் மேலே போவதில்லை.

பாராசூட் விரிந்த பிறகு ஐந்தாறு நிமிடம் அமைதியாக மிதந்து இறங்குவார்கள். தொலைக்காட்சியில் அது சில நொடிதான். ஆனால் இந்த விளையாட்டில் நேரும் சாவுகளில் கணிசமானவை நன்றாக விரிந்த பாராசூட்டின் கீழேதான் நடக்கின்றன. பழகியவர்கள் தரைக்கு அருகில் வேகமாகத் திரும்பப் பார்த்துத் தரையில் மோதுகிறார்கள். நாம் மூச்சைப் பிடித்துப் பார்க்கும் 'விரியுமா விரியாதா' என்ற கணத்தைவிட, தொலைக்காட்சி வெட்டிவிடும் அந்தக் கடைசி நிமிடம் ஆபத்தானது. அமெரிக்கப் பாராசூட் சங்கத்தின் கணக்குப்படி 2023-இல் அந்த நாட்டில் ஏறத்தாழ 36.5 லட்சம் முறை குதித்திருக்கிறார்கள். இறந்தவர்கள் 10 பேர்.

இந்த எண்ணை அக்காவிடம் காட்டி, "பார், ஒன்றும் ஆகாது" என்று சொல்லிவிடலாம். அது பொய்யாகிவிடும். அந்த 10 என்பது வானத்தின் குணமில்லை. ஒவ்வொரு சாவையும் எண்ணி, என்ன காரணம் என்று விசாரித்து, மற்றவர்கள் படிக்கும்படி எழுதி வைக்கும் ஒரு பழக்கத்திலிருந்து வந்த எண் அது. அந்தப் பழக்கம் இல்லாத இடத்துக்கு அந்த எண்ணை எடுத்துப்போக முடியாது.

பயத்துக்கு வருகிறேன். ஆண் பயந்தால் திரையில் என்ன ஆகிறது? 2011-இல் வந்த 'ஜிந்தகி நா மிலேகி தோபாரா' இந்திப் படத்தில் மூன்று நண்பர்கள் ஸ்பெயினுக்குப் போகிறார்கள். ஒருவனுக்கு உயரம் என்றால் பயம். அவனும் விமானத்திலிருந்து குதிக்கிறான். அவன் பயத்தை யாரும் நகைச்சுவைப் பாட்டுப் போட்டுக் கேலி செய்வதில்லை. அது அவன் கதையின் ஒரு பகுதி, அவன் தாண்டி வரும் ஒரு படி. குதித்து முடித்தவன் கொஞ்சம் வளர்ந்த ஆளாகத் தரையில் நிற்கிறான். நம் தொகுப்பாளினியின் பயத்துக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அது சிரிப்பதற்கு.

பயப்படாத பெண் வந்தால் தொலைக்காட்சிக்கு வேறொன்று தேவைப்படுகிறது. 2018 பிப்ரவரியில் தாய்லாந்தின் பட்டாயாவில் ஷீத்தல் மகாஜன் மராட்டிய நவ்வாரிப் புடவை கட்டிக்கொண்டு குதித்தார். எல்லாச் சேனலிலும் புடவைதான் செய்தி. அதற்குள் அவர் எழுநூறு முறைக்கு மேல் குதித்தவர், வடதுருவத்திலும் தென்துருவத்திலும் குதித்தவர், 2011-இல் பத்மஸ்ரீ வாங்கியவர் என்பதெல்லாம் ஓரத்தில் ஓடியது. அவருக்கு முன்பே 2002-இல் வடதுருவத்தில் குதித்த ரேச்சல் தாமஸை நம் வீடுகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? பட்டுப் புடவை ஊர்க்காரி என்பதால் எனக்குப் புடவைமேல் கோபமில்லை. காற்றில் அது பிரிந்து பாராசூட் கயிற்றில் சுற்றாமலிருக்க என்னென்ன செய்தார்கள் என்று காட்டியிருந்தால், அந்தப் பெண்ணின் அறிவைக் காட்டியிருப்பார்கள். புடவையை மட்டும் காட்டியதால், "புடவையிலேயே குதிச்சுட்டாங்களே" என்ற வியப்போடு முடிந்தது.

நம் மாநிலத்திலேயே ஒரு பெண் இப்படிக் குதித்து இறந்திருக்கிறார். 2014 பிப்ரவரி தொடக்கத்தில் சேலத்தில் நடந்த பயிற்சியில், பெங்களூரிலிருந்து கணவரோடு வந்திருந்த இருபதுகளில் இருந்த பெண் அவர். "பாராசூட் விரியாததால் இளம்பெண் பலி" என்ற பாணியில்தான் செய்தி வந்தது. இந்த வாக்கியத்தை நிறுத்திப் படித்துப் பாருங்கள். இதில் வினை செய்வது யார்? பாராசூட். அது விரியவில்லை, அவள் இறந்தாள். அதை மடித்தது யார், கடைசியாகப் பார்த்தது யார், மாற்றுப் பாராசூட் என்ன ஆயிற்று, அவள் பயிற்சி எத்தனை மணி நேரம், அனுமதி கொடுத்த அலுவலகம் எது? இந்தக் கேள்வி எதற்கும் அந்த வாக்கியத்தில் இடமில்லை. வழக்கும் விசாரணையும் பின்னால் நடக்கும். ஆனால் அக்காவைப் போன்றவர்கள் மனதில் தங்குவது அந்த முதல் வாக்கியம்தான். அது "விதி" என்று சொல்வதற்கு மிக வசதியான வாக்கியம்.

நம் தலைமுறைப் பெண்களுக்கு இந்த இலக்கணம் புதிதில்லை. "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அத்தனை வீட்டிலும் மருமகள் சமைக்கும்போது மட்டும் எப்படி ஸ்டவ் வெடித்தது என்று பெண்கள் அமைப்புகள் தெருவில் நின்று கேட்ட பிறகுதான், 1986-இல் வரதட்சணைச் சாவு என்ற தனிக் குற்றம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வந்தது. அதற்கு முன்பு ஸ்டவ்தான் குற்றவாளி. "கிணற்றில் தவறி விழுந்தாள்" என்றால் கிணறும் அவள் கால்களும் குற்றவாளி.

பாராசூட்டும் அடுப்பும் ஒரே வழக்கில் வந்த கதை ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 2015 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. விக்டோரியா சில்லியர்ஸ் என்பவர் நெதராவன் விமானதளத்தில் 4,000 அடியிலிருந்து குதித்தார். இரண்டாயிரம் முறைக்கு மேல் குதித்தவர், மற்றவர்களுக்குப் பயிற்சியளித்தவர். பிரதானப் பாராசூட் முறுக்கிக்கொண்டது. மாற்றுப் பாராசூட்டும் கைவிட்டது. உழுத வயலில் விழுந்ததால் உயிர் பிழைத்தார். கருவியை எடுத்துப் பார்த்த பாராசூட்காரர்கள், தானாகக் கழன்றுபோகவே முடியாத இணைப்புகள் காணாமல் போயிருப்பதைக் கவனித்துப் போலீசுக்குச் சொன்னார்கள். ராணுவத்தில் இருந்த அவர் கணவன்தான் அதைச் செய்தவன். அதற்குச் சில நாட்களுக்கு முன் வீட்டுச் சமையலறையில் எரிவாயு வால்வைத் தளர்த்தி வைத்தவனும் அவனே. வீட்டில் இரண்டு குழந்தைகள், அதில் ஒன்று கைக்குழந்தை. 2018-இல் ஆயுள் தண்டனை, குறைந்தது 18 ஆண்டு.

இந்த வழக்கைத் தொலைக்காட்சிகள் 'பாராசூட் கொலை முயற்சி' என்று சொல்லிப் பரபரப்பாகப் பேசின. எனக்கு அந்த எரிவாயு வால்வுதான் பெரிதாகப் பட்டது. அவர் செய்த எல்லாவற்றிலும் பார்ப்பவருக்கு ஆபத்தாகத் தெரிவது வானத்திலிருந்து குதித்ததுதான். ஆனால் ஆபத்து வானத்தில் தொடங்கவில்லை, சமையலறையில் தொடங்கியது. அங்கும் "பாராசூட் விரியவில்லை" என்று எழுதி முடித்திருக்கலாம். ஒவ்வொரு முடிச்சையும் தெரிந்தவர்கள், "இது தானாக நடக்காது" என்று சொன்னதால் முடியவில்லை.

இனிச் சொல்லப்போவது நாம் எல்லோரும் பார்த்தது. 2018 ஜூலை 12, கோவைக்கு அருகில் ஒரு கல்லூரி. பேரிடர் மேலாண்மைப் பயிற்சி. இரண்டாவது மாடியின் விளிம்பில் 19 வயது மாணவி உட்கார்ந்திருக்கிறாள். கீழே மாணவர்கள் வலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவள் தயங்குகிறாள். பயிற்சியாளன் தள்ளுகிறான். முதல் மாடிச் சன்ஷேடில் தலை மோதுகிறது. அவள் பிழைக்கவில்லை. அவனைக் கைது செய்தார்கள். அவனுக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவித்தது. அதாவது, கல்லூரிக்குள் வந்து மாடியில் ஏறி ஒரு பெண்ணைக் கீழே தள்ளும்வரை, உனக்கு யார் சான்றிதழ் கொடுத்தது என்று சரியாக யாரும் பார்த்திருக்கவில்லை.

அந்தக் காட்சியைச் சேனல்கள் நாள் முழுக்கத் திருப்பித் திருப்பிப் போட்டன. நானும் பார்த்தேன். ஒருமுறைக்கு மேல் பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சியை நினைக்கும்போது என்னால் இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை. விளிம்பில் ஒரு பெண், "வேணாம்" என்கிறாள், பின்னாலிருந்து ஓர் ஆண் சாய்க்கிறான். ஒன்றில் கொக்கி, கயிறு, இரண்டு பாராசூட், எழுதிய விதிகள். இன்னொன்றில் பிள்ளைகள் கையில் ஒரு வலை. கருவியில் இவ்வளவு வித்தியாசம். ஆனால் இரண்டையும் ஒரே கண்ணால் பார்க்க நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். பெண்ணின் 'வேணாம்' ஒரு சிணுங்கல், அதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தேவையில்லை, தள்ளிவிட்டால் பிறகு நன்றி சொல்வாள். உண்மையான பயிற்சித் தளங்களில் விமானத்தில் ஏறிய பிறகும் ஒருவர் மறுக்கலாம், விமானத்திலேயே தரைக்குத் திரும்பலாம். அது அவமானமில்லை, பாதுகாப்பு விதிகளில் ஒன்று. எந்த நிகழ்ச்சியிலாவது ஒரு பெண் "வேண்டாம்" என்று சொல்லி விமானத்தில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறீர்களா?

ஆக, ஒரே படம் இரண்டு வேலை செய்கிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு அது தடுக்கக் காரணம் தருகிறது: "பொண்ணுக்கு எதுக்கு இதெல்லாம்?" வெளியில் இருப்பவர்களுக்குத் தள்ளத் துணிச்சல் தருகிறது: "பொண்ணுங்க இப்படித்தான் கத்துவாங்க." இரண்டு பக்கத்திலும் பெண்ணின் பயம்தான் பேச்சு. கயிறு எப்போது வாங்கியது என்பது யாருக்கும் பேச்சில்லை. கயிற்றைப் பற்றி யாரும் கேட்காமலிருப்பது, அதை விற்றவருக்கும் வாங்கியவருக்கும் கட்டியவருக்கும் எவ்வளவு நிம்மதி!

ஒரு காலத்தில் பாராசூட்டுகள் பட்டில் நெய்யப்பட்டவை. நைலான் பின்னால் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் மகளிர் பிரிவில் பாராசூட் மடிக்கவென்றே பெண்கள் இருந்தார்கள். குதித்து உயிர் பிழைத்த விமானிகளின் படம் வரலாற்றில் இருக்கிறது. நீண்ட மேசைகளில் குனிந்து மடிப்பைச் சரிபார்த்த கைகளுக்கு ஓரமாகத்தான் இடம். இதைப் படித்தபோது எனக்கு அக்காவின் கைதான் நினைவுக்கு வந்தது. தறிக்குத் தார் சுற்றியவள் அவள். நூலில் ஒரு முடிச்சு தவறினாலும் விரலிலேயே கண்டுபிடிப்பாள். மாமா இருந்தவரை சங்கத்துப் புத்தகத்தில் அவர் பெயர், நெய்தவர் அவர். இவள் 'கூடமாட ஒத்தாசை'. வாழ்நாள் முழுக்க முடிச்சைச் சோதித்தவளிடம் யாரும் முடிச்சைப் பற்றிக் கேட்டதில்லை. ஆகவே படிவம் வந்தபோது அவளும் முடிச்சைப் பற்றிக் கேட்கவில்லை, வேண்டாம் என்று மட்டும் சொன்னாள்.

விதிகளை எழுதி வைப்பது நமக்குப் புதிதா என்ன? எங்கள் பக்கத்து உத்திரமேரூர்க் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலை விதிகள் ஆயிரத்து நூறு ஆண்டாக நிற்கின்றன. அதில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவரது நெருங்கிய உறவினர் பெயரையும் போடக் கூடாது. அந்தக் குடத்தில் பெண்ணின் பெயர் எழுதிய ஓலை விழ வழியில்லை என்பது வேறு விஷயம், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் கணக்குக் காட்டச் சொல்வது நம் ஊர்ச் சுவரிலேயே இருக்கிறது. அதைக் கேட்கும் வாய் நமக்கு வேண்டும்.

நான் அக்காவையும் பெண்ணையும் உட்கார வைத்தேன். படிவத்தின் பின்பக்கத்தில் எழுதினோம். பயிற்சி நடத்துவது யார், அவர்களுக்குச் சான்றிதழ் கொடுத்தது யார், நகல் வேண்டும். கயிறும் பாராசூட்டும் எந்த ஆண்டு வாங்கியவை, கடைசியாகச் சோதித்த தேதி என்ன? பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், வண்டி நிற்குமா? காப்பீடு உண்டா? ஐந்தாவது கேள்வி அக்காவுடையது: "கயித்த யார் கட்டுவாங்க, கட்டினப்புறம் வேற ஒருத்தர் பாப்பாங்களா?" அதுவரை வெட்கப்பட்டுக்கொண்டிருந்த பெண் ஆறாவதைத் தானே எழுதினாள்: "மேலே போன பிறகு பயமாக இருக்கிறது, வேண்டாம் என்று சொன்னால் விட்டுவிடுவீர்களா?"

நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. சான்றிதழ் நகல் இருந்தது. கருவிகளின் தேதி இருந்தது. இரண்டு பேர் சோதிப்பார்கள் என்று அக்காவின் கேள்விக்கும் பதில் இருந்தது. மருத்துவமனை, காப்பீடு விவரங்களும் இருந்தன. "பொறுப்பல்ல" என்ற வரியை மட்டும் எடுக்கவில்லை. நான் அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். ஆறாவது கேள்விக்கு எதிரே வெற்றிடம். மறந்திருக்கலாம். அப்படி ஒரு கேள்வி இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தோன்றாமலும் இருந்திருக்கலாம்.

பெண் பேனாவை வாங்கிக்கொண்டாள். படிவத்தின் கீழே, என் கையெழுத்துக்கு மேலே, தன் கையெழுத்தில் எழுதினாள்: "நான் வேண்டாம் என்று சொன்னால் வேண்டாம் என்றுதான் பொருள்." அக்கா அதை இரண்டு முறை வாசித்தாள். பிறகு பேனாவைக் கேட்டு வாங்கி, என் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரையும் எழுதினாள்.